வயல் மனையாகும் ஊரில் வீடு தேடுவது எப்படி?

வேளாண்மையை நம்பி வளரும் சிறு நகரத்தில் வீடு தேடுகிறவர், வீட்டைப் பார்ப்பதற்கு முன் அது நிற்கும் மண்ணின் பழைய கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே புதிதாக எழும் குடியிருப்புகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்கு முன்புவரை வயலாகவோ தோட்டமாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தவை. அந்த நிலத்துக்கு நீர் எந்த வழியாக வந்தது, எந்த வழியாக வடிந்தது, என்ன பயிர் செய்தார்கள், என்ன உரமும் மருந்தும் இட்டார்கள் என்பவையெல்லாம் வீடு எழுந்ததும் மறைந்துவிடுவதில்லை. சுவரில் ஏறும் ஈரமாகவும், தரையில் ஓடும் விரிசலாகவும், கிணற்று நீரின் குணமாகவும் அவை திரும்பி வருகின்றன. பெருநகரத்தில் வீடு பார்த்துப் பழகியவர்கள் இத்தகைய ஊர்களில் ஏமாந்துபோவதற்கு முக்கியமான காரணம், அங்கே கேட்ட கேள்விகளை மட்டுமே இங்கேயும் கேட்பதுதான். அறைகள் எத்தனை, கடைத்தெரு எவ்வளவு தொலைவு என்று கேட்பவர்கள், மழைநீர் எங்கே போகிறது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

வாடகைக்குப் போகிறவர், கட்டிய வீட்டை வாங்குகிறவர், மனை வாங்கிக் கட்டுகிறவர் ஆகிய மூவருக்கும் இந்தக் கட்டுரையில் வேலை உண்டு. ஆனால் மனை வாங்குகிறவர்தான் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். ஏனெனில் வாடகைக்காரர் தவறு செய்தால் வீட்டை மாற்றிக்கொள்ளலாம், மண்ணை மாற்றிக்கொள்ள யாராலும் முடியாது.

ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது

சந்தைக்கு அருகில் இருக்கும் நிலத்தின் வருவாய் அதிகம், தொலைவு கூடக்கூட அது குறையும் என்பதை, தாமே பண்ணை நடத்திய ஜெர்மானியரான யோஹான் ஹைன்ரிஹ் ஃபான் தூனன் 1826-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே, நகரத்தைச் சுற்றிக் காய்கறியும் பாலும், அதற்கு அப்பால் விறகு, பிறகு தானியம், கடைசியில் மேய்ச்சல் என்று வளையம் வளையமாக நிலம் பயன்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒரு நிலத்தைப் பயிரிட்டுக் கிடைப்பதைவிட மனையாகப் பிரித்து விற்றால் பல மடங்கு கிடைக்கும் என்ற நிலை வந்ததும், ஊருக்கு மிக அருகில் உள்ள வளையம் வீடுகளாக மாறத் தொடங்குகிறது. அந்த மாற்றம் வட்டமாக, ஒழுங்காக நடப்பதில்லை. விற்க மனமில்லாத உழவரின் வயலைத் தாண்டி, தவளைப் பாய்ச்சலாக அடுத்த வயலில் மனைப்பிரிவு எழும். இடையில் உள்ள நிலத்தில் ஏர் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆகவே ஊரின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முதலில் குறிக்க வேண்டியவை குழாய்கள். நகராட்சியின் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, கழிவுநீர்க் குழாய் எதுவரை போயிருக்கிறது, சுத்திகரிப்பு நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது, அதன் கொள்ளளவு இன்னும் எத்தனை வீடுகளைத் தாங்கும் என்பவற்றை நகராட்சி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். மனை விற்பவர்கள் சாலையை முதலில் போட்டுக் காட்டிவிடுவார்கள், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும். குழாய் மண்ணுக்குள் இருப்பது. அது வரும் என்று சொல்வதற்கும் வந்திருப்பதற்கும் இடையே பத்து ஆண்டுகள் கடந்துவிடுவது உண்டு. குழாய் வராத மனையை வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் சொந்தக் கிணறு, செப்டிக் டேங்க், தண்ணீர் விலைக்கு வாங்கும் செலவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே மனையின் விலையை ஒப்பிட வேண்டும்.

இத்தகைய ஊர்களில் பெரும்பாலும் மூன்று வகைக் குடியிருப்புகள் இருக்கும். சந்தையையும் ரயில் நிலையத்தையும் ஆலைகளையும் ஒட்டி வளர்ந்த பழைய மையத்தில் வீடுகள் நெருக்கமாகவும் தெருக்கள் குறுகலாகவும் இருந்தாலும், எல்லாம் நடந்து போகும் தொலைவில் கிடைக்கும். முதியவர்கள் உள்ள குடும்பத்துக்கும், ஒரே வண்டியை வைத்துக்கொண்டு இருவர் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் இதைவிட ஏற்ற இடம் இல்லை. அதோடு, அந்த வீடுகள் பல மழைக்காலங்களைக் கண்டவை. அவற்றின் குறைகள் எல்லாம் ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்டன. பழைய மையத்தை அடுத்து, பள்ளிகளையும் அலுவலகங்களையும் சுற்றி ஒரு தலைமுறைக்கு முன் எழுந்த பகுதி இருக்கும். பொதுவாக என் பரிந்துரை இந்தப் பகுதிக்கே. 1929-இல் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கத் திட்டமிடுநர், ஒரு தொடக்கப் பள்ளியை நடுவில் வைத்து, எந்தக் குழந்தையும் ஏறக்குறைய 400 மீட்டருக்குள் அதை அடையும்படியும், கடந்துபோகும் வண்டிகள் குடியிருப்பின் ஓரத்தோடு போய்விடும்படியும் அமைய வேண்டும் என்று குடியிருப்புக்கு இலக்கணம் சொன்னார். அறுவடைக் காலத்தில் டிராக்டர்களும் பாரவண்டிகளும் இடைவிடாமல் ஓடும் ஊரில் இந்த இரண்டாவது நிபந்தனைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழி, விளைபொருள் ஆலைக்குப் போகும் வழியைக் குறுக்கே கடக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வயலோடு வயலாக நிற்கும் விளிம்புப் பகுதி. இடம் தாராளமாகவும் விலை குறைவாகவும் இருப்பதோடு, சன்னலைத் திறந்தால் பச்சைப் பசேல் என்று தெரியும். அந்தப் பசுமைக்கு நீங்கள் விலை கொடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். எபனேசர் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் 1898-இல் முன்வைத்த தோட்ட நகரத் திட்டத்தில், 6,000 ஏக்கரில் 1,000 ஏக்கர் மட்டுமே நகரம். அதில் குடியிருப்போர் 30,000 பேர். சுற்றியுள்ள 5,000 ஏக்கர் வேளாண்மைக்கும் அங்கே வாழும் 2,000 பேருக்கும் என்று ஒதுக்கப்பட்டது. 1903-இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் அந்தக் கருத்தின்படி தொடங்கப்பட்டது. அப்படிச் சட்டத்தாலோ நில உடைமையாலோ காக்கப்பட்ட பசுமை வளையம் உங்கள் ஊரில் இல்லையென்றால், சன்னலுக்கு வெளியே தெரியும் வயல் அடுத்த மனைப்பிரிவுதான். அது கிடங்காகவும் மாறலாம். அந்த நிலத்துக்கு எந்தப் பயன்பாடு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை நிலப்பயன்பாட்டுத் திட்ட வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மண்ணையும் நீரையும் சோதிக்கும் முறை

வயல் எங்கே அமைந்தது என்று யோசித்துப் பாருங்கள். நீர் பாய்ச்ச எளிதான, தாழ்வான, நீரைப் பிடித்து வைக்கும் மண் உள்ள இடத்தைத்தான் முன்னோர்கள் வயலாக்கினார்கள்; மேடான, இறுகிய, நீர் தங்காத இடத்தில் குடியிருந்தார்கள். நல்ல வயலுக்கு வேண்டிய குணங்களும் நல்ல மனைக்கு வேண்டிய குணங்களும் எதிரெதிரானவை. விளைச்சலுக்குப் பெயர்போன நிலம் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், வீடு கட்டுகிறவர் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது நல்லது.

மண்ணின் தன்மையை அறியக் கையே போதும். மனையின் ஓரத்தில் ஒன்றரை அடி தோண்டி, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்து ஒரு பிடி எடுங்கள். கல்லையும் வேரையும் நீக்கி, சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து, பிசைந்த மாவின் பதம் வரும்வரை பிசையுங்கள். பிறகு அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கி, பட்டையாக வெளியே தள்ளிக்கொண்டே வாருங்கள். பட்டை உருவாகாமல் உதிர்ந்தால் அது மணற்பாங்கான மண். இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் மணலும் வண்டலும் களியும் கலந்தது. ஐந்து சென்டிமீட்டரையும் தாண்டி ஒடியாமல் தொங்கினால் அது களிமண். நிறுத்தி நிதானமாகப் பார்க்க விரும்பினால், ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படிந்துவிடும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாள் பார்த்தால் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியும்.

களி மிகுந்த மண்ணில், குறிப்பாக நனைந்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் கரிசல் போன்ற மண்ணில், வீடு கட்டவே முடியாது என்பதில்லை. அஸ்திவாரத்தை ஆழமாகக் கொண்டுபோக வேண்டும், அல்லது அதற்கென்று வடிவமைக்க வேண்டும்; அதற்கு மண் பரிசோதனை அறிக்கையும் பொறியாளரின் கணக்கும் செலவும் தேவை. கட்டிய வீட்டை வாங்குகிறவர் விரிசல்களைப் படிக்கப் பழக வேண்டும். பூச்சில் நூல்போல ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருபவை. சன்னல், கதவு நிலைகளின் மூலையில் தொடங்கிச் சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகியும் இருக்கும் விரிசல், அஸ்திவாரம் அசைந்ததைச் சொல்கிறது. மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு கோடையில் இலகுவாகத் திறக்கும் கதவு, மரம் ஊறியதாலும் அப்படி ஆகலாம். ஆனால் சாய்ந்த விரிசலும் அதே பக்கத்தில் இருந்தால் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நான் ஒருமுறை பார்க்கப் போன வீட்டில், கூடத்தின் மூன்று சுவர்கள் பழைய வெளிர் மஞ்சளாக இருக்க, தோட்டத்துப் பக்கச் சுவர் மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் புது வண்ணத்தோடு இருந்தது. வண்ணம் சரியாகப் பொருந்தியிருந்தாலும் பளபளப்பு வேறாக இருந்ததால் கண்ணில் பட்டது. அலமாரிக்குப் பின்னால் வண்ணம் எட்டாத இடத்தில் விரலால் தேய்த்தபோது வெள்ளை உப்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே போய்ப் பார்த்தால், அந்தச் சுவருக்கு நேராகத் தோட்டத்தில் ஒரு பள்ளமான கோடு மதில்வரை போயிற்று. மதிலுக்கு அப்பால் அடைத்து மூடிய ஒரு வாய்க்கால் தெரிந்தது. வாய்க்காலை மேலே மூடிவிட்டார்கள், ஆனால் தண்ணீர் அதே வழியாக அடியில் கசிந்து வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் அந்த வீட்டை வாங்கியபோது அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீடு பார்க்கப் போனால் முதலில் மதிலைச் சுற்றி வெளிப்பக்கம் நடந்துவிட்டுத்தான் வாசலுக்குள் நுழைகிறேன்.

பழைய நில வரைபடங்களில் வாய்க்கால், ஓடை, குட்டை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். செயற்கைக்கோள் படங்களின் பழைய ஆண்டுகளைப் பின்னோக்கிப் பார்த்தாலும் பச்சைக் கோடாக அவை தெரியும். சில நாடுகளில் வயலின் அடியில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்திருப்பார்கள். அமெரிக்காவில் ஜான் ஜான்ஸ்டன் என்ற உழவர் 1838-இல் நியூயார்க் மாநிலத்தில் அப்படிப் புதைக்கத் தொடங்கிய பிறகு அந்த முறை அங்கே பரவியது. அஸ்திவாரம் தோண்டும்போது அந்தக் குழாய் உடைந்தால், அதுவரை வடிந்துகொண்டிருந்த நீர் அங்கேயே தேங்கத் தொடங்கும். உழுத உழவரே உயிரோடு இருந்தால், குழாய் எங்கே போகிறது என்று காலால் கோடிட்டுக் காட்டுவார். அவரைத் தேடிப் போய்ப் பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

வெள்ளம் பற்றிக் கேட்கும்போது, நூறாண்டு வெள்ளம் என்ற சொல்லைக் கேட்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று நினைத்துவிட வேண்டாம். எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டுக் கடன் தவணை முடிவதற்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்று மேல். வீட்டின் தரைமட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போகும், வீடு அங்கேயே நிற்கும். ஆகவே இன்றைக்கு ஒரு படி உயரம்தான் என்றால் அது நாளைக்குப் போதாது.

கிணற்று நீர் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வயலில் இடும் தழைச்சத்து உரமும் தொழு உரமும் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்குகின்றன. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், புட்டிப்பால் குடித்த கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதற்கும், பண்ணைக் கிணற்று நீரில் இருந்த நைட்ரேட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகி, மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் இயங்கும் வடிகருவியும் அயனிப் பரிமாற்றக் கருவியும் அதை நீக்கும். சாதாரண பீங்கான் திரி வடிகட்டி (கேண்டில் ஃபில்டர்) நீக்காது. வீட்டில் குழந்தை பிறக்க இருக்கிறது என்றால், ஆய்வகச் சோதனை முடிவு கைக்கு வராமல் கிணற்று வீட்டுக்குக் குடிபோகாதீர்கள்.

செப்டிக் டேங்கும் கிணறும் குறைந்தது 50 அடி இடைவெளியில் இருக்க வேண்டும், சாணக் குவியலிலிருந்து கிணறு 250 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பலரும் தங்கள் டேங்குக்கும் தங்கள் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். 40 அடி அகல மனைகள் வரிசையாக இருக்கும் பிரிவில், உங்கள் கிணறு பக்கத்து வீட்டு டேங்கிலிருந்தும் பின்வீட்டு டேங்கிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தாளில் வரைந்து பாருங்கள். குழாய் நீர் வராத, சிறுமனைப் பிரிவுகளை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பழத்தோட்டமாக இருந்த நிலத்துக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. 1890-களில் தொடங்கி, 1940-களின் இறுதியில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவும்வரை, ஆப்பிள் தோட்டங்களில் ஈய ஆர்சனேட் என்ற மருந்தைத் தெளித்துவந்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் மட்கிப் போகும் பொருள்கள் அல்ல. அவை மேல்மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. மருந்து நிறுத்தப்பட்டு, மரங்களும் வெட்டப்பட்டு, வீடு எழுந்த பிறகும் அந்தத் தோட்டத்து மண்ணில் விளையாடும் குழந்தையின் கையில் அது ஒட்டும். பழைய தோட்டம் என்று தெரிந்தால் மேல்மண்ணைச் சோதித்துவிட்டே காய்கறிப் பாத்தி போடுங்கள். அளவு மிகுந்திருந்தால், வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து உயரமான பாத்தி கட்டிக்கொள்ளலாம்.

காற்று, ஓசை, கிடங்கு

தானியம் உலர்த்தும் விசிறிகள், அரவை ஆலை, குளிர்பதனக் கிடங்கு, கோழிப்பண்ணை, மாட்டுப்பண்ணை, உரக்கிடங்கு ஆகியவை இல்லாமல் வேளாண் நகரம் இல்லை. அவை ஊருக்குச் சோறு போடுகின்றன. அவற்றை வெறுக்க வேண்டியதில்லை, தள்ளி இருந்தால் போதும். எந்தப் பக்கம் தள்ளி என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதை அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவில் பார்த்து, பண்ணைக்கு அந்தத் திசைப் பக்கமாகவே, அதாவது காற்று முதலில் உங்கள் வீட்டைத் தொட்டுப் பிறகு பண்ணையைத் தொடும்படி, இடம் தேடுங்கள். காற்றே இல்லாத தெளிவான இரவுகளில் வேறொன்று நடக்கும். தரை குளிர்ந்து, அதை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும்போது, புகையும் நாற்றமும் தெளித்த மருந்தின் நுண்துளியும் மேலே போக வழியின்றிப் பள்ளத்தை நோக்கித் தவழும். பகலில் மணமே தெரியாத வீடு, விடியற்காலை ஐந்து மணிக்கு மூச்சடைப்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே ஒருமுறையாவது அந்த நேரத்தில் போய் நில்லுங்கள்.

ஓசைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: திறந்த வெளியில் ஓரிடத்திலிருந்து வரும் ஓசை, தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. 100 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்குப் போனால் பெறுவது அவ்வளவுதான்; அதே 6 டெசிபலை மறுபடியும் குறைக்க 400 மீட்டருக்குப் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் இரவு பகலாக ஓடும் விசிறிக்குப் பக்கத்து மனையைவிட நான்கு தெரு தள்ளிய மனை ஏன் விலை கூடுதல் என்பதற்கு இதுவே விளக்கம்.

உரக்கிடங்கைப் பற்றிச் சொல்லும்போது 2013 ஏப்ரல் 17-ஐ மறக்கக் கூடாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிறிய வேளாண் ஊரில், அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்த உரக்கிடங்கில் தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அருகிலிருந்த பள்ளியும், முதியோர் இல்லமும், அடுக்குமாடிக் குடியிருப்பும் பலத்த சேதம் அடைந்தன. 1960-களில் அந்தக் கிடங்கு வந்தபோது சுற்றிலும் பெரும்பாலும் திறந்தவெளியாகவே இருந்தது. ஊர்தான் வளர்ந்து அதன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. வளரும் ஊரில் வீடு பார்ப்பவர் அரை மைல் சுற்றளவில் உரக்கிடங்கு, எரிபொருள் தொட்டி, அம்மோனியா கொண்டு குளிரூட்டும் கிடங்கு ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தீயணைப்பு நிலையத்தில் கேட்கலாம். கேட்டால் சொல்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

குடிவந்த பிறகு வழக்குப் போட்டுப் பண்ணையை அகற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், முன்பிருந்தே நடந்துவரும் வேளாண் தொழிலைப் புதிதாக வந்த அண்டை வீட்டாரின் வழக்கிலிருந்து காக்கும் சட்டங்கள் இருக்கின்றன. பிரான்ஸ் 2021-இல் நாட்டுப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்றுச் சட்டம் செய்தது. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்: சேவல் கூவுவது பிடிக்காதவர் சேவல் இருக்கும் தெருவுக்கு வரக் கூடாது.

ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது

இயன்றவர்கள் ஒரு முழுப் பயிர் ஆண்டை வாடகை வீட்டில் கழித்துவிட்டு வாங்குவது நல்லது. உழவு, விதைப்பு, மருந்தடிப்பு, அறுவடை, அறுவடைக்குப் பிந்தைய ஓய்வு என்று ஐந்து முகம் காட்டும் ஊரை ஒரே ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் அறிந்துவிட முடியாது. வாடகை வீடு தேடுவதற்கும் பருவம் உண்டு. வெளியூர்த் தொழிலாளர்கள் வந்து சேரும் அறுவடைக் காலத்தில் சிறு வீடுகள் கிடைப்பதே அரிது. அவர்கள் திரும்பிய பிறகு தேடினால் நிதானமாகப் பேசலாம். வாடகை ஒப்பந்தத்தில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் பம்ப்செட் பழுதானால் யார் பொறுப்பு, செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன.

உழவர்களைத் தவிர, வாய்க்காலில் நீர் திறந்துவிடுபவர், தபால்காரர், ஊர் முழுக்கக் குழாய் வேலை செய்பவர் ஆகியோரிடம் பேச்சுக்கொடுங்கள். எந்தத் தெருவில் ஆண்டுதோறும் குழாய் உடைகிறது என்று குழாய் வேலை செய்பவருக்குத்தான் தெரியும்.

பணமும் பத்திரமும்

வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற பொதுவான அளவுகோலை இங்கே அப்படியே பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் வருமானம் மாதச் சம்பளமாக இருந்தாலும், ஊரின் வருமானம் விளைச்சலையும் விலையையும் பொறுத்து ஏறி இறங்குவது. அயோவாவில் 1981-இல் உச்சத்தில் இருந்த விளைநில விலை, வட்டி உயர்வாலும் தானிய விலைச் சரிவாலும் 1986-க்குள் 60 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது; கடைகள் மூடப்பட்டன, வீடுகளை விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆள் இல்லை. ஒரே பயிரை, ஒரே ஆலையை நம்பியுள்ள ஊரில் கடனைக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பல பயிர்களும், அவற்றோடு கல்லூரியோ மருத்துவமனையோ அரசு அலுவலகங்களோ உள்ள ஊரில் சற்றுத் துணியலாம்.

பத்திரத்தில், விளைநிலம் குடியிருப்புக்கு என்று முறைப்படி மாற்றப்பட்டதற்கான ஆணை, மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடம், வில்லங்கம் இல்லை என்பதற்கான பதிவுத்துறைச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞர் பார்ப்பார். அவர் பார்க்காமல் விடக்கூடியது, மனை வழியாகப் பின்வயலுக்குச் செல்லும் பாதை உரிமையும் நீர் உரிமையும். வேலி போட்ட மறுநாள் பின்வயல்காரர் டிராக்டரோடு வந்து நின்றால், அவர் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்து பிரிந்த நிலமாயின், பங்குள்ள அனைவரின் கையெழுத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

விற்பவர் அவசரப்படுத்தினாலும், இறுதிப் பணம் கொடுக்கும் நாள் மழைக்காலம் தொடங்கிய பிறகு வரும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள முயலுங்கள். பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையில், ரப்பர் காலணி போட்டுக்கொண்டு மனைக்குப் போங்கள். நான்கு மூலைகளிலும் நின்று, சேறு எந்தப் பக்கம் வாரிக்கொண்டு போயிருக்கிறது, வேலிக் கம்பியில் சருகு எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். சருகு தொங்கும் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டின் தரைமட்டத்தை அதற்கு மேல் எத்தனை அடி வைப்பது என்று பொறியாளர் கேட்கும்போது கொடுக்க வேண்டிய எண் அதுதான்.